இரண்டு நாயகிகள், ஒரு முடிவு

செப்டம்பர் 13, சனி

இருபத்தைந்து வருஷமாகக் காதல் நாவல் வாசிக்கிறேன். எல்லா நாவலிலும் நாயகன் ஆறடி உயரம். நாயகி கால் வழுக்கி விழுவாள், அவன் தாங்கிப் பிடிப்பான். தரை வழுக்காத நாவல் ஒன்றைக்கூட நான் கண்டதில்லை.

இப்போது இணையத்தில் வருகிற ‘ஈரக்காற்றே நில்’ நாவலில் விழுகிறவளும் பெண், பிடிக்கிறவளும் பெண். மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே கணக்கு எழுத வந்த ஆதிரைக்கும், தோட்டத்து மருந்தகத்தில் நர்ஸாக இருக்கும் மலர்க்கொடிக்கும் காதல். எழுதுகிறவள் பெயர் நித்திலா வேந்தன். அது பெற்றோர் வைத்த பெயராக இருக்க வாய்ப்பில்லை. புதனும் சனியும் சாயங்காலம் ஓர் அத்தியாயம் போடுவாள். வாசகிகள் அதை எபி என்பார்கள். ஒவ்வொரு எபிக்குக் கீழேயும் கருத்து எழுதுவார்கள். இந்த நாவலுக்கு வருகிற கருத்தில் பாதி திட்டு.

நான் சத்தமாக வாசிப்பேன், பிரகாசி கேட்பாள். அவள் பிளவுஸ் தைக்கிறவள். ஏழு மணிக்கு மிஷினை நிறுத்திவிட்டு, ஹெம்மிங் வேலையை மடியில் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்வாள். பதினேழு வருஷமாக என்னோடு தங்கியிருக்கிறாள். நான் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிறவள். தூத்துக்குடியில் தனியாக இருக்கும் பெண்ணுக்கு வீடு கிடைப்பது கஷ்டம், அதனால் சேர்ந்து இருக்கிறோம். கட்டில் இரண்டு உண்டு. ஒன்றில் தைக்க வந்த துணிகள் கிடக்கும்.

செப்டம்பர் 17, புதன்

இன்றைய எபியில், ஆலைக் கிடங்கில், வெளியே மழை கொட்டும்போது, ஆதிரை மலர்க்கொடிக்கு முத்தம் கொடுத்துவிட்டாள். நான் அந்த இடத்தை விறுவிறுவென்று வாசித்துத் தாண்டினேன்.

“எங்க ஓடுத? பஸ்ஸா போயிரப் போவுது? அந்த இடத்த மறுபடி வாசி” என்றாள் பிரகாசி.

மறுபடி வாசித்தேன். அவள் கையிலிருந்த பிளவுஸில் ஊக்கைத் தலைகீழாகத் தைத்துவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு பிரித்தாள்.

கீழே ஒரு வாசகி, ‘இது குடும்பப் பெண்கள் வாசிக்கும் தளம், ஆசிரியர் மறக்க வேண்டாம்’ என்று எழுதியிருந்தாள். அதையும் வாசித்துக் காட்டினேன். “நாம மட்டும் என்ன, ரோட்ல நின்னா வாசிக்கோம்?” என்றாள் பிரகாசி. இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. காரணம் எழுத வேண்டியதில்லை.

செப்டம்பர் 24, புதன்

பிரகாசியின் அண்ணன் மகள் ஷைனிக்கு வந்த சம்பந்தம் முறிந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் எல்லாம் பேசி முடித்துவிட்டுக் கடைசியில் கேட்டார்களாம்: பெண்ணுக்கு ஒரு அத்தை இருக்கிறாளே, ஏன் கல்யாணம் ஆகவில்லை, யாரோடு இருக்கிறாள்?

அண்ணன் மனைவி லீமா போனில் அழுததைப் பிரகாசி நூலைப் பல்லால் கடித்தபடியே சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “யாரோட இருந்தா அவனுவளுக்கு என்ன? உன்னையா கட்டிக்கிட்டுப் போறானுவ?” என்று கத்தினேன்.

“நீ சத்தம் போடாத விண்ணு. எபி வந்திருக்கும், வாசி.”

வெளியாட்கள் முன்னால் என்னை அக்கா என்பாள். வீட்டில் விண்ணு. முழுப்பெயர் விண்ணரசி என்பது அவளுக்கு மறந்தே போயிருக்கும்.

வாசித்தேன். பாதியில் நிமிர்ந்து பார்த்தேன். அவள் கேட்கவில்லை என்று தெரிந்தது. இருந்தாலும் முடிக்கும்வரை வாசித்தேன்.

அக்டோபர் 4, சனி

நித்திலா வேந்தன் என் கழுத்தை அறுக்கப் பார்க்கிறாள்.

இன்றைய எபியில் தோட்டத்துக்குப் புதிதாக ஒரு டாக்டர் வந்திருக்கிறான். பெயர் பிருத்வி. மனைவியை இழந்தவன். கன்னத்தில் குழி விழுமாம். கன்னத்தில் குழி விழுகிற ஒருவன் முப்பதாவது எபிக்குப் பக்கத்தில் வந்தால் எதற்கு வருகிறான் என்று எனக்குத் தெரியாதா? இவ்வளவு நாள் கையைப் பிடித்து மலைமேல் ஏற்றிவிட்டு, உச்சியில் நிறுத்தித் தள்ளப் போகிறாள். போனைக் கட்டிலில் எறிந்தேன்.

“பாவம், நல்ல ஆளாத்தானே தெரியுதாரு” என்றாள் பிரகாசி, தலையை நிமிர்த்தாமல்.

“நல்ல ஆளுன்னா வேற நாவல்ல போயி நல்லவனா இருக்கட்டும்.”

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. தோசை ஊற்றப் போய்விட்டாள்.

அக்டோபர் 12, ஞாயிறு

தீபாவளித் துணி மலையாகக் குவிந்து கிடக்கிறது. அதைப் போட்டுவிட்டுப் பிரகாசி ஊருக்குப் போனாள். இந்த ஒரு மாதத்தில் எத்தனை தடவை போய்விட்டாள். தெற்கே கடற்கரையில் அவள் ஊர். ஷைனிக்கு வேறு இடம் பார்க்கிறார்களாம், அத்தை இல்லாமல் ஆகாதாம். போன மாதம் அதே அத்தையால்தான் ஆகவில்லை.

சாயங்காலம் தலை நிறைய மல்லிகைப்பூவோடு வந்தாள். ‘என்ன விசேஷம்?’ என்றேன். ‘லீமா வச்சுவிட்டா’ என்றாள். பஸ்ஸில் வந்த களைப்பு என்று சாப்பிடாமல் படுத்துவிட்டாள். ஜாக்கெட் துணி கொடுத்த டீச்சர் ஒருத்தி வந்து வாசலில் நின்று சத்தம் போட்டுவிட்டுப் போனாள். நான்தான் பதில் சொன்னேன்.

அக்டோபர் 18, சனி

ஆதிரை டாக்டருக்குச் சம்மதம் சொல்லிவிட்டாள்.

அவள் தம்பிக்குக் கல்யாணம் தடைப்படுகிறதாம், இவளைப் பற்றி ஊரில் பேசுகிறார்களாம். அதனால் தியாகமாம். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக நானும் கருத்து எழுதினேன். ஒரு பக்கம் எழுதினேன்:

‘அம்மா நித்திலா, முப்பத்திரண்டு எபியாக நாங்கள் இந்த இரண்டு பெண்களோடு குடியிருந்தோம். கிடங்கில் மழை பெய்தபோது என் வீட்டிலும் பெய்தது. உங்களை நம்பினேன். எங்களைப் போன்ற வாசகிகளுக்கு இதுவரை யாரும் எழுதாத ஒன்றை எழுத வந்தீர்கள் என்று நம்பினேன். கடைசியில் நீங்களும் ஒரு மாப்பிள்ளையைக் கொண்டுவந்து இறக்கிவிட்டீர்கள். டாக்டர் வேண்டுமென்றால் மலர்க்கொடிக்கு ஊசி போடத் தெரியும், அவளே போதும்.’

அனுப்பிய பிறகுதான் ‘எங்களைப் போன்ற’ என்று எழுதியது கண்ணில் பட்டது. அழிக்கவில்லை. யாருக்கு என்னைத் தெரியப் போகிறது.

அரை மணி நேரத்தில் நித்திலா பதில் போட்டாள்: ‘மன்னிச்சிடுங்க அக்கா. வாழ்க்கையில நடக்குறதத்தான் எழுதுறேன்.’

பிரகாசியிடம் காட்டினேன். தீபாவளி அவசரத்தில் மிஷினை ஓட்டிக்கொண்டே, “அவ மேல ஏன் பாயுத? சின்னப்பிள்ளையா இருக்கும்” என்றாள்.

அக்டோபர் 22, புதன்

எபி இல்லை. அறிவிப்பு மட்டும். சனிக்கிழமை கடைசி எபியாம். ‘இந்த முடிவை எனக்குக் கொடுத்தது ஒரு வாசகி. பெயர் சொல்ல வேண்டாம் என்றார். ஒரு மாதமாகத் தன் மனதை வாய்ஸ் மெசேஜாக அனுப்பினார். கேட்டுக் கேட்டு அழுதேன். கடைசி எபி முழுக்க அவருடைய வார்த்தைகள்’ என்று எழுதியிருக்கிறாள்.

யார் அந்தப் புண்ணியவதி? கையில் கிடைத்தால் நன்றாகக் கேட்பேன். ஒரு நாவலைக் கெடுக்க இத்தனை மெனக்கெடுவதற்கு வீட்டில் வேலை வெட்டி இருக்காது போலும்.

அக்டோபர் 25, சனி

வாசிக்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். பிரகாசி விடவில்லை. “இவ்வளவு தூரம் வந்தாச்சு. வாசிச்சிரு விண்ணு, எனக்காவ” என்றாள். இன்று மடியில் தையல் இல்லை. சும்மா கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வாசித்தேன். விடியற்காலையில் ஆதிரை கிளம்புகிறாள். மலர்க்கொடி தூங்குகிறாள். ஆதிரை தன் துப்பட்டா நுனியைத் தோழியின் மணிக்கட்டில் முடிந்துகொண்டுதான் தினமும் தூங்குவாளாம். சிறுத்தை பயமாம். அந்த முடிச்சை அவிழ்த்துவிட்டு, தூங்குகிறவள் கையைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போகிறாள்.

அங்கே வாசிப்பதை நிறுத்தினேன்.

பிரகாசியின் அம்மாவைச் சுனாமி கொண்டுபோனது. அந்த நாளிலிருந்து அவளுக்குத் தூக்கத்தில் பயம். இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலிருந்து தன் துப்பட்டா நுனியை என் மணிக்கட்டில் முடிந்துகொண்டுதான் தூங்குவாள். தண்ணீர் வந்தால் இரண்டு பேரும் ஒரே பக்கமாகப் போவோம் என்பாள். இது உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். துப்பட்டாவுக்கும் சிறுத்தைக்கும் என்ன சம்பந்தம்? சிறுத்தை வந்தால் முடிச்சை அவிழ்த்துவிட்டல்லவா ஓட வேண்டும்?

“வாசி” என்றாள்.

“நீயா?”

“மீதிய வாசி விண்ணு.”

“அந்த வாய்ஸ் மெசேஜு நீயாட்டி?”

அவள் தலையை ஆட்டினாள்.

“அந்த டாக்டரு?”

“டாக்டர்னு நான் சொல்லல. நல்ல ஆளா ஒருத்தர் வரட்டும்னுதான் சொன்னேன்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படி ஒரு சிரிப்பு எனக்கு வரும் என்று எனக்கே தெரியாது. அவள் பயந்துபோய் என் கையைப் பிடித்தாள். உதறினேன்.

“நேர்ல சொல்ல எனக்கு வாய் வரல. நீ எந்தக் கதைன்னாலும் முதல்ல ஏசுவ. ரெண்டாவது வாட்டி வாசிக்கையில அழுவ. அப்புறம், ‘சரி, அவளுக்கும் வேற வழி என்ன இருந்துச்சு’ம்ப. நானும் பாத்துட்டுத்தானே இருக்கேன்? அதான், முதல்ல கதையில வரட்டும், நீ ஏசி முடிச்சிரு, அப்புறம் நான் சொல்லலாம்னு…”

“என்னத்தச் சொல்லப் போற?”

“அன்னைக்கு ஊருக்குப் போனேன்லா. மாப்பிள்ள வீட்ல வந்து என்னையப் பொண்ணு பாத்துட்டுப் போனாவ.”

கோபத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் மீதியை வாசித்தேன். சத்தமாக, ஒரு வரி விடாமல் வாசித்தேன். மூன்று வருஷம் கழித்து ஆதிரை குழந்தையோடு வருகிறாள். மலர்க்கொடி குழந்தையை வாங்கிப் புன்னகைக்கிறாள். அவ்வளவுதான். கடைசி எபி முழுவதிலும் மலர்க்கொடி ஒரு வார்த்தை பேசவில்லை. பாதி எபி தூங்குகிறாள், மீதி எபி சிரிக்கிறாள்.

என்னைக் கைவிடுவதை என் வாயாலேயே வாசிக்க வைத்தாள். இதற்கு மேல் எழுத முடியவில்லை.

அக்டோபர் 27, திங்கள்

இன்று லேபில் கை நடுங்கவில்லை. ஒரு குழந்தைக்குக்கூட ஒரே குத்தில் நரம்பு கிடைத்தது. இதுதான் எனக்கு ஆத்திரமாக இருக்கிறது.

நவம்பர் 2, ஞாயிறு

அவள் ஊர் மாதா கோவிலில் இன்று முதல் ஓலை வாசித்திருப்பார்கள். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் பெண் பெயரும் மாப்பிள்ளை பெயரும் வாசித்து, இவர்களுக்குத் திருமணத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று அறிவிப்பார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் தொடங்கிவிட்டால் கல்யாணம் வைக்க முடியாது. அதனால் 26ஆம் தேதியே வைத்துவிட்டார்களாம்.

மாப்பிள்ளை கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து ஆறு வருஷம். கன்னத்தில் குழி விழுமா என்று நான் கேட்கவில்லை.

“ஷைனிக்கு நல்ல இடம் அமைஞ்சிரும். அண்ணன் தலை நிமிர்ந்து நடப்பான். அவிய ஒரு தொந்தரவும் தர மாட்டாவ. நீயும் வந்து போயி இருக்கலாம்” என்றாள் பிரகாசி.

நீயும் வந்து போய் இருக்கலாம். குழந்தையை வாங்கிச் சிரித்துவிட்டுப் போகலாம்.

இப்போதெல்லாம் துணிகள் கிடக்கும் கட்டிலில், துணிகளை ஒதுக்கிவிட்டு நான் படுக்கிறேன்.

நவம்பர் 9, ஞாயிறு

இரண்டாம் ஓலை. கடைசி எபியை இரண்டாவது வாட்டி வாசித்துப் பார்த்தேன். அழுகை வரவில்லை. அவள் கணக்கு தப்பு.

நவம்பர் 16, ஞாயிறு

மூன்றாம் ஓலையைக் கேட்டுவிட்டு லீமா நேராக இங்கே வந்தாள். ஆட்டோவில் தையல் மிஷினை ஏற்ற வந்தவள், காபி குடித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்:

“அக்கா, பொண்ணு பக்கத்து சாட்சிக் கையெழுத்து நீங்கதான் போடணும். நீங்க வந்து முன்னால நின்னு கையெழுத்துப் போட்டுட்டா, பேசுத வாயெல்லாம் அடைஞ்சிரும் பாத்துக்கிடுங்க. ‘பாத்தியளா, ஒண்ணுமில்ல, வெறும் கூட்டாளிதான்’னு நாங்க தைரியமா சொல்லலாம். பிரகாசியும் அதான் நல்லதுன்னா.”

நான் பிரகாசியைப் பார்த்தேன். அவள் மிஷினின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே துடைத்தாள்.

ஆக, கதையில் மலர்க்கொடி சிரித்தது எதற்கு என்று இப்போது புரிந்தது. என்னை விட்டுப் போவது போதாது. ஒன்றும் இருந்ததே இல்லை என்று நானே முன்னால் நின்று கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

“நான் போட மாட்டேன்” என்றேன்.

“ஏன்க்கா?”

பிரகாசி தலையை நிமிர்த்தினாள். அவள் முகத்தில் இருந்தது பயம். நான் எதையாவது சொல்லிவிடுவேனோ என்று என்னைப் பார்த்துப் பயந்தாள். தண்ணீருக்குப் பயந்து என் கையைப் பிடித்தவள் இப்போது எனக்குப் பயப்படுகிறாள். ஓலையைவிட, நாவலைவிட, அதுதான் என்னை உடைத்தது.

லீமாவிடம் நான் என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். சாமியாரிடம் போய்த் தடை இருக்கிறது என்றுகூடச் சொல்லியிருக்கலாம். சொல்ல மாட்டேன். அவளைத் தெருவில் நிறுத்த என்னால் ஆகாது.

“எனக்குச் சம்மதம் இல்ல” என்றேன்.

“உங்க சம்மதத்துக்கு என்னக்கா? கட்டிக்கிடப் போறது அவ. கோவில்ல அவகிட்டத்தானே சாமியார் கேப்பாரு?” லீமா சிரித்தாள்.

“அதான். எங்கிட்ட யாரும் கேக்கல. கேக்காட்டியும் சொல்லுதேன். எனக்குச் சம்மதம் இல்ல.”

லீமா என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ஆட்டோக்காரர் அவசரப்படுத்துகிறார் என்று எழுந்தாள். மிஷின் போன இடத்தில் தரை மட்டும் வேறு நிறமாக இருக்கிறது. நாளைக்குக் கழுவ வேண்டும்.

நவம்பர் 20, வியாழன்

பிரகாசி காலையில் போனாள். இரண்டு பை, ஒரு பெட்டி. வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றாள். “ஏதாவது சொல்லு விண்ணு” என்றாள். “பஸ்ஸு போயிரும்” என்றேன்.

லேபுக்கு லீவு சொல்லவில்லை. போனேன், வேலை பார்த்தேன், வந்தேன்.

நவம்பர் 26, புதன்

பத்தரைக்குப் பூசை. பன்னிரண்டு மணிக்கெல்லாம் எல்லாம் முடிந்திருக்கும். சாட்சிக் கையெழுத்தை வேறு யாரோ போட்டிருப்பார்கள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில், லேபில் உட்கார்ந்து அந்த நாவலின் கடைசி எபியைத் திறந்தேன். கீழே கருத்துகள் நிரம்பி வழிகின்றன. ‘அருமையான முடிவு’, ‘கண்ணீர் வந்தது’, ‘நம் பண்பாட்டைக் காப்பாற்றிவிட்டீர்கள்’. நான் எழுதினேன்:

‘இந்தக் கதையில் இரண்டு பேர் இருந்தார்கள். முடிவை ஒருத்தியிடம் மட்டும் கேட்டு எழுதியிருக்கிறீர்கள்.’

டிபன் பாக்ஸைக் கழுவிவிட்டு வந்து பார்த்தால் நித்திலா வேந்தன் பதில் போட்டிருந்தாள். இந்த முறை மன்னிப்பு எல்லாம் இல்லை. ஒரு கேள்விதான்:

‘அக்கா, மலர்க்கொடி முழிச்சிருந்தா என்ன சொல்லியிருப்பா?’

வெளியே ரத்தம் கொடுக்க வரிசையில் ஆட்கள் நின்றார்கள். மாட்ட எடுத்த கையுறையைக் கீழே வைத்துவிட்டு, ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன்.

‘போகாதேன்னு சொல்லியிருப்பா.’